கைப்பிடி வைத்த ஸ்கோப்

பீன்யா தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனி, மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டிகளைச் செய்து விற்றது. அங்கே ஆஸிலாஸ்கோப் ஒன்று உண்டு. ஒயருக்குள் மின்சாரம் என்ன ஆட்டம் ஆடுகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற கருவி அது. டெஸ்டிங் மேஜையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து அது அசைந்ததில்லை. அதை அசைக்க இரண்டு ஆளும், ஜெனரல் மேனேஜர் ஆராவமுதனின் கையெழுத்தும் வேண்டும். ஆள் கிடைத்துவிடும்.

டிசைன் எஞ்சினியர் பிரிஸில்லாவுக்கு அவசரம். இரண்டு வருஷம் மெனக்கெட்டு அவள் வடிவமைத்த, டிரைவுக்கு மூளை மாதிரியான கண்ட்ரோல் கார்டு, தொட்டபள்ளாபுரத்தில் ஒரு நூல் மில்லில் மாட்டிய டிரைவுகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. தோன்றும்போது நின்றுவிடும், ரீசெட் பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். மில்லிலிருந்து போன் வந்து வந்து, கம்பெனி ரிஸப்ஷனில் இருந்த பெண்ணுக்கு நூல் நூற்கவே தெரிந்துவிட்டது. கடைசியில் எம்.டி. சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் காரணம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் நம் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டுக் கார்டை வாங்கி மாட்டிவிடலாம். பிரிஸில்லாவை டிராயிங் செக்‌ஷனுக்கு மாற்றலாம், கையெழுத்து அழகாக இருக்கிறது.

கையெழுத்து அழகாக இருப்பதை அவள் அதுவரை ஒரு குற்றமாக நினைத்ததில்லை. அன்று சாயங்காலம் காக்ஸ் டவுன் வீட்டுக்கு கைனெடிக் ஸ்கூட்டரில் திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே கொஞ்சம் அழுதாள்.

கோளாறு கார்டில் இல்லை, மில்லுக்கு வருகிற மின்சாரத்தில்தான் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. தோன்றினால் போதுமா, காட்ட வேண்டாமா? மில்லுக்கே ஒரு ஸ்கோப்பை எடுத்துப்போய், மெஷின் பக்கத்தில் காத்துக் கிடந்து, அது நிற்கிற அந்தக் கணத்தைத் திரையில் பிடிக்க வேண்டும். கையில் எடுத்துப்போகக்கூடிய, நல்ல வேகமுள்ள, பேட்டரியில் ஓடுகிற ஸ்கோப் ஒன்று வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள். ஆராவமுதன் உடனே நடவடிக்கை எடுத்தார். ஒரு கமிட்டி போட்டார்.

கமிட்டியில் மூன்று பேர். ஆராவமுதன், பர்ச்சேஸ் வெங்கடராமன், மார்க்கெட்டிங் ரெமிஜியஸ். பிரிஸில்லாவை விளக்கம் சொல்ல மட்டும் கூப்பிட்டிருந்தார்கள்.

"போர்ட்டபிள்னா என்ன? அதை முதல்ல டிஃபைன் பண்ணிடுவோம்," என்றார் ஆராவமுதன்.

"கைப்பிடி இருந்தா போர்ட்டபிள் சார்," என்றார் வெங்கடராமன்.

"கதவுக்கும் கைப்பிடி இருக்கு சார்," என்றாள் பிரிஸில்லா.

வெங்கடராமன் சொன்னது மினிட்ஸில் ஏறியது. அவள் சொன்னது ஏறவில்லை.

ஸ்கோப் விற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லா ஸ்கோப்பின் முகத்திலும் ஒரு சின்ன உலோகக் கொக்கி இருக்கும். கருவி சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள, ஒரு சதுர அலையை அது தானே அந்தக் கொக்கியில் தரும். வந்தவர்கள் எல்லாரும் ஒயரை அந்தக் கொக்கியில்தான் மாட்டினார்கள். ஸ்கோப் தன்னைத் தானே பார்த்து, தன் அழகைத் தானே திரையில் காட்டியது. கமிட்டி அந்தச் சதுரங்களைக் கண்கொட்டாமல் பார்த்து மார்க் போட்டது. இது கொஞ்சம் கூர்மை, அது கொஞ்சம் பச்சை அதிகம் என்று அபிப்பிராயங்கள் பிறந்தன.

"நம்ம டிரைவ் ஒண்ணை மாட்டிப் பாக்கலாமே சார்," என்றாள் பிரிஸில்லா.

"அதெல்லாம் வாங்கினப்புறம்மா. புதுக் கருவில நம்ம கரண்ட்டை விட்டு எதுக்கு அழுக்குப் பண்ணணும்?" என்றார் ஆராவமுதன்.

கடைசியாக வந்தவன் டென்சில். காக்ஸ் டவுன்காரன், பிரிஸில்லா போகிற அதே சர்ச்சுக்குப் போகிறவன். தோள்பையிலிருந்து டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். மிச்சம் எங்கே என்று கமிட்டி அவன் பையைப் பார்த்தது.

"அவ்வளவுதான் சார். பேட்டரில ஓடும். புடிச்ச கோட்டை உள்ளயே வச்சுக்கும். சும்மனே தோள்ல மாட்டிக்கிட்டுப் போகலாம்."

பிரிஸில்லாவுக்கு அதைக் கையில் வாங்கியபோதே மனசு குளிர்ந்துவிட்டது. கமிட்டிக்கு அப்படி இல்லை.

"கஸ்டமர் முன்னாடி இதை எடுத்தா கால்குலேட்டர்னு நினைப்பான். கம்பெனி இமேஜ் என்னத்துக்கு ஆகும்?" என்றார் ரெமிஜியஸ்.

"காணாமப் போயிடும் சார். பெரிசா இருந்தா திருடறவனும் கொஞ்சம் யோசிப்பான்," என்றார் வெங்கடராமன்.

ஆராவமுதன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லாத பொருளுக்குத் தரம் எங்கிருந்து வரும் என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது. டென்சிலின் கருவிக்கு நேராக, தேவைக்கு ஏற்றதல்ல என்று எழுதினார். மற்ற இருவரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

தேர்வான ஸ்கோப் கலரில் காட்டும். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அந்த வேகத்தில் ஓடுகிற எதையும் கம்பெனி செய்ததில்லை, இனிமேல் செய்கிற உத்தேசமும் இல்லை. பேட்டரி கிடையாது, பிளக்கைச் சொருக வேண்டும். கோட்டைச் சேமித்துவைக்கும் ஃபிளாப்பி டிரைவும் பிரிண்டரும் தனியாக வாங்க வேண்டியவை. அவற்றை வெங்கடராமன் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தார். மேலே அருமையான கைப்பிடி ஒன்று இருந்தது.

ஆயுத பூஜைக்குச் சரியாக வந்து இறங்கியது. சந்தனம், குங்குமம், சேவந்தி மாலை எல்லாம் ஆயிற்று. திரையில் பொட்டு வைக்கலாமா என்பதில்தான் கமிட்டிக்குள் முதல்முறையாகக் கருத்து வேறுபாடு வந்தது. பூஜை முடிந்ததும் அதை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி ஆராவமுதனிடம்.

"மில்லுக்கு எப்ப எடுத்துட்டுப் போகலாம் சார்?" என்று கேட்டாள் பிரிஸில்லா.

"இன்ஷூரன்ஸ் வரட்டும்மா. அவ்வளவு ஒசத்தியான சாமானை ரோட்டுல கொண்டுபோக முடியுமா?"

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த டென்சிலைப் பிரிஸில்லா சர்ச் வாசலிலேயே பிடித்தாள்.

"எடுத்துட்டுப் போ பிரிஸ். டெமோ பீஸ்தான். பாக்கறவங்க எல்லாம் மெச்சுறாங்க, எவனும் வாங்கறதில்லை," என்றான் அவன்.

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டு, டிபன் பாக்ஸையும் டிபன் பாக்ஸ் அளவு ஸ்கோப்பையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனாள். மில்லின் எலெக்ட்ரிகல் ஃபோர்மன் மைக்கேல்ராஜ், பேனலைத் திறந்துவிட்டு ஒரு ஸ்டூலும் போட்டுக்கொடுத்தார். ஸ்கோப்பை மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய கம்ப்ரஸர் ஒரு உறுமலோடு கிளம்பியது. அதே நொடியில் மெஷின்கள் நின்றன. திரையில் கோடு உறைந்து நின்றது. சீராகப் போன அலையில் ஓரிடம் மட்டும் பல் உடைந்தாற்போல் இருந்தது.

கம்ப்ரஸர் கிளம்பும்போது மின்சாரம் ஒரு கணம் தடுக்கி விழுகிறது. எங்கே விழுகிறது என்று தேடிப் போனதில், மெயின் பேனலில் கைவிரல் பருமன் ஒயரை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது தெரிந்தது. கார்டின் மேல் ஒரு தப்பும் இல்லை. மோட்டார் கெட்டுவிடக்கூடாதே என்று அது ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தியிருக்கிறது. அப்படி நிறுத்தத்தான் பிரிஸில்லா அதை வடிவமைத்திருந்தாள். மைக்கேல்ராஜ் மெயினை அணைத்து ஸ்க்ரூவை இறுக்கினார். அதற்கப்புறம் கம்ப்ரஸர் எத்தனை முறை கிளம்பியும் மெஷின்கள் நிற்கவில்லை. சந்தோஷத்தில் பிரிஸில்லாவுக்கு மறுபடி பசித்தது.

மறுநாள் டென்சிலின் ஸ்கோப்பை அப்படியே கமிட்டி முன் வைத்து, அந்த உடைந்த அலையைக் காட்டினாள். ஆராவமுதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நாம வேண்டாம்னு எழுதின கருவியாச்சே."

"ஆமா சார். ஆனா கோடு சரியா விழுந்திருக்கு."

"இது காட்டறது சரின்னா, நாம எழுதினது தப்புன்னு ஆயிடும். அப்போ பீரோவில இருக்கறதை எதுக்கு வாங்கினேள்னு ஆடிட்ல கேப்பா."

"மில் ஓடுது சார்."

"ஓடட்டும்மா, நான் வேண்டாங்கலை. ஏன் ஓடறதுன்னு நம்ம ஸ்கோப் சொல்லணும். ஒரு தரம் அதுல பிடிச்சுக் காட்டிடு, உன் கார்டுக்கு ஒரு குறையும் இல்லைன்னு நானே ரிப்போர்ட் எழுதறேன்."

"இப்ப பிடிக்கறதுக்கு ஃபால்ட்டே இல்லையே சார்."

"ஏற்பாடு பண்ணு."

பிரிஸில்லா போனில் விஷயத்தைச் சொன்னபோது மைக்கேல்ராஜ் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"சரி பண்ணதை மறுபடி லூஸ் பண்ணணுமா? என்ன பேஜாரு மேடம் இது?"

"ஒரு மணி நேரம்தான் மைக்கேல்ராஜ். என் கார்டு இதுலதான் இருக்கு."

"உங்களுக்காகப் பண்றேன். வேற யார் கேட்டிருந்தாலும் போனை வச்சிருப்பேன்."

வெள்ளிக்கிழமை கமிட்டி கிளம்பியது. இன்ஷூரன்ஸ் வந்துவிட்டிருந்தது. வேனின் பின் ஸீட்டில் மெத்தை போட்டு ஸ்கோப்பைப் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் வெங்கடராமன் அதை அணைத்தபடி வந்தார். மில் வாசலில் இறக்கும்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. கைப்பிடியில் ஒரு கைக்குத்தான் இடம், ஸ்கோப்பின் கனமோ இரண்டு ஆள் கனம். ஆராவமுதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மில் ஆட்கள் அடியில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

மெயின் பேனல் பக்கத்துப் பிளக்கிலேயே ஸ்கோப்பைச் சொருகினார்கள். மைக்கேல்ராஜ் மெயினை அணைத்து, மனசில்லாமல் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, மெயினை மறுபடி போட்டு மெஷின்களை ஓட்டினார். கம்ப்ரஸர் கிளம்பியது, மெஷின்கள் நின்றன, அதே உடைந்த அலை கலரில் திரையில் விழுந்தது. கமிட்டி கைதட்டியது. ரெமிஜியஸ் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினார். ஃபிலிம் முழுவதும் வேன் பக்கத்தில் ஸ்கோப்போடு கமிட்டி நின்ற போட்டோக்களிலேயே தீர்ந்து போயிருந்தது.

"போகட்டும். திங்கட்கிழமை எம்.டி. டெல்லியிலேர்ந்து வரார். நேரா இங்கயே அழைச்சிண்டு வந்து காட்டிடறேன்," என்றார் ஆராவமுதன். "அதுவரைக்கும் எல்லாம் இப்படியே இருக்கட்டும். ஸ்கோப்பை யாரும் அணைக்கப்படாது, கோடு போயிடும். ஸ்க்ரூவையும் தொட வேண்டாம். அவர் இன்னொரு தரம் நேர்ல பாக்கணும்னு சொன்னா?"

மைக்கேல்ராஜ் புறங்கையைப் பேனல் அருகே கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஒயரு சுடுது மேடம். பஞ்சு பறக்கிற எடம் இது. ஒரு பொறி போதும். ஷிஃப்ட்ல அத்தனை ஜனம் உள்ள இருக்கு."

பிரிஸில்லாவும் கையை நீட்டிப் பார்த்தாள். சூடு தெரிந்தது, ரப்பர் கருகுகிற வாடை லேசாக வந்தது. பேனலின் விளிம்பெல்லாம் பஞ்சுத்தூசு படிந்திருந்தது.

"சார், இதை இப்பவே இறுக்கணும். மெயினை அணைச்சுத்தான் இறுக்க முடியும்."

"மெயினை அணைச்சா ஸ்கோப்பும் அணைஞ்சிடும். கோடு போயிடும்."

"நீங்க மூணு பேரும் கண்ணால பாத்தீங்களே சார். ரிப்போர்ட் எழுதறேன்னு சொன்னீங்களே."

"எம்.டி. கேட்டா ஆதாரம் எங்கேம்பார். ஆதாரம் இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்." குரலைத் தணித்துக்கொண்டார். "யோசிச்சுக்கோம்மா. அந்தக் கோடு போச்சுன்னா உன் கார்டும் போச்சு."

பிரிஸில்லா திரையைப் பார்த்தாள். இரண்டு வருஷ உழைப்புக்கு நிரபராதி என்று சொல்ல, உலகத்திலேயே கமிட்டி ஒப்புக்கொண்ட ஒரே சாட்சி அங்கே பளிச்சென்று நின்றது. அதைவிட அழகான கோட்டை அவள் பார்த்ததில்லை. மெயின் சுவிட்ச் பக்கம் நடந்து போய் அதை இறக்கினாள்.

திரை கறுத்தது. வெங்கடராமன், யாரோ கீழே விழுந்துவிட்டது போல் ஐயோ என்றார். மைக்கேல்ராஜ் டார்ச்சைப் பிடிக்க, பிரிஸில்லா அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தானே ஸ்க்ரூவை இறுக்கினாள். இனி திரும்பாது என்ற பிறகும் இன்னொரு முறை திருகினாள். பிறகு மைக்கேல்ராஜ் மெயினை ஏற்றி மெஷின்களை ஓட்டிவிட்டார். ஸ்கோப்பின் திரை வெறுமையாக விழித்தது.

"திங்கட்கிழமை எம்.டி.க்கு நான் எதைக் காட்டறது?" என்றார் ஆராவமுதன்.

கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மெஷின்கள் நிற்கவில்லை.

"ஓடற மில்லைக் காட்டுங்க சார்."

ஆராவமுதன் பதிலுக்கு ஏதோ சொன்னார். இரண்டு பக்கமும் நூல் சுற்றும் கதிர்கள் சுழன்ற இரைச்சலில் பிரிஸில்லாவுக்கு அது கேட்கவில்லை.