அவோரைக் கரை சேர்க்கும் வேலை

சிமெண்ட் கிடங்கில் நாளெல்லாம் நின்றுவிட்டு, மாலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் ருயிருவுக்குப் போகும் மட்டாட்டு வேனில் ஜன்னலோரம் உட்காரும்போது, என் உடம்பில் உயிரோடு இருப்பது நாக்கு ஒன்றுதான். அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பொய்களுக்காகத் தன்னைச் சேமித்துக்கொண்டிருக்கும்.

என் மனைவி முகுரே நைரோபி மருத்துவமனை ஒன்றில் இரவு நர்ஸ். நான் இறங்கும் மட்டாட்டுவில்தான் அவள் ஏறுவாள். காலையில் இதே கூத்து தலைகீழாக. வண்டி திரும்பி நிற்கும் ஐந்து நிமிடம்தான் வார நாட்களில் எங்கள் இல்லறம். அதில் ஒரு இ-ரீடர் கை மாறும்.

ஊரை விட்டுப் போன டாக்டர் ஒருவர் அவளுக்குக் கொடுத்த இ-ரீடர் அது. அதில் ஒரு ஒலிநூல் இருந்தது. ஏரித் தீவு ஒன்றில் ஒரே படகுக்காக முட்டிக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. நாளுக்கு ஒரு அத்தியாயம். வரும் வழியில் நான் கேட்க வேண்டும், போகும் வழியில் அதையே அவள் கேட்பாள். ஞாயிறு தேவாலயம் முடிந்து வந்து, டீயும் எண்ணெயில் பொரித்த மண்டாசியுமாக உட்கார்ந்து அதைப் பேச வேண்டும். திட்டம் அவளுடையது. கேஸ் தீர்ந்தது, தண்ணீர் வரவில்லை என்பதைத் தவிர நமக்குள் பேச்சே இல்லாமல் போய்விட்டது, வேறு ஏதாவது பேசினால்தான் நான் மனுஷியாக இருப்பேன் என்றாள்.

ஐந்து வாரமாக நான் ஒரு அத்தியாயம்கூடக் கேட்டதில்லை. இயர்ஃபோனைக் காதில் செருகுவேன். ப்ளூடூத் பட்டியலில் அதன் பெயரைத் தொடுவேன். "அத்தியாயம்" என்று ஒரு குரல் ஆரம்பிக்கும். எத்தனையாவது என்று அது சொல்வதற்குள் தூங்கியிருப்பேன். கண்ணைத் திறந்தால் ருயிரு.

முதல் இரண்டு ஞாயிறுகளைத் தலையாட்டியே ஓட்டினேன். மூன்றாவது ஞாயிறு, தலையாட்டல் மட்டும் போதாது என்று தோன்றி, அண்ணன் தம்பிக்கு ஒரு தங்கையை உண்டாக்கினேன். அவளுடைய பெயர் என்ன, எனக்கு மறந்துவிட்டது என்று முகுரே கேட்டாள். கிடங்கில் ரசீது போடும் பெண்ணின் பெயர் வாயில் வந்தது. அவோர். அடுத்த ஞாயிறு அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஏரியில் மூழ்கடித்துவிட்டேன். முகுரே டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள். அவளும் பாதித் தூக்கத்தில்தான் கேட்டிருப்பாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

உண்மை தெரிந்தால் அவள் கோபப்பட மாட்டாள். என் பயமே அதுதான். "சரி, விடுங்க" என்பாள். அடுத்த ஞாயிறு கேஸ் சிலிண்டருக்குத் திரும்பிவிடுவோம்.

எங்கள் மட்டாட்டுவில் ஒரு சட்டம் உண்டு. கூரை முழுக்க ஒலிபெருக்கி, அதற்குப் பூட்டு கிடையாது. எந்தப் பயணி முதலில் ப்ளூடூத்தில் இணைகிறாரோ, அவர் இறங்கும்வரை அவருடைய பாட்டுதான். ரசனை எவ்வளவு மட்டமாக இருந்தாலும் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை. என் இயர்ஃபோனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. அது தெரியாமல், பட்டியலில் தெரிந்த ஒரே பெயரைத் தொட்டேன். இணைகிறதா இல்லையா என்று பார்ப்பதற்குள் தூங்கிப்போய்விட்டேன்.

விழித்தபோது வண்டி ருயிருவில் நின்றிருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. டமடமவென்று அதிர்வதற்காக மாட்டிய ஒலிபெருக்கிகள், பள்ளிக்கூட வாத்தியார் குரலில், அண்ணன் துடுப்பைக் கையில் எடுத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. ஏற வேண்டியவர்களும் வெளியே ஜன்னல்களில் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தலை முகுரே.

பதறிப்போய் அதை நிறுத்தப் போனேன். நடத்துநர் வச்சேரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவரே, சும்மா இருங்க. படகு யாருக்குன்னு தெரிஞ்சாத்தான் இறங்குவோம்."

தெரியவில்லை. அத்தியாயம் பாதியில் தொங்கி முடிந்தது. பின்னிருக்கைக்காரர் என் தோளைத் தட்டி, முதலிலிருந்து கேட்கிறவர் நீங்கள்தானே, தம்பிக்காரன் இடையில் எதற்காக ஊரை விட்டுப் போயிருந்தான் என்றார். மொத்த வண்டியும் என்னைப் பார்த்தது. ஜன்னலில் முகுரேவும். நாக்கு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"அவன் தங்கச்சி தண்ணியில போயிட்டால்ல, அந்தத் துக்கத்துல."

"தங்கச்சியா?" என்றாள் வச்சேரா. "பெத்தவளுக்கு ரெண்டே புள்ளைங்கன்னு இப்பதானே ஓதுச்சு. நீங்க எந்தப் புத்தகத்துல இருக்கீங்க பெரியவரே?"

வண்டி சிரித்தது. முகுரே சிரிக்கவில்லை.

இறங்கினேன். சோளம் சுடுகிறவரின் அடுப்போரமாக நின்று இ-ரீடரை நீட்டினேன். ஐந்து வாரமும் தூங்கினேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"முதல் வாரமே தெரியும், கதோனி அப்பா. உங்க மூஞ்சியில தலகாணித் தடம் மாதிரி ஜன்னல் கம்பி பதிஞ்சிருக்கும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. புத்தகம் எனக்குத் தெரியும். நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னுதான் தெரியாது. அதுக்காகத்தான் வாரத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் தள்ளிட்டு வர்றேன்." வண்டியில் ஏறக் கால் வைத்தவள் திரும்பினாள். "ஆனா அந்தப் பொண்ண ஏன் சாகடிச்சீங்க? போறவங்கள நான் வார்டுல தினமும் பாக்குறேன். ஞாயித்துக்கிழமையும் வேணாம். எப்படியாவது அவள கரைக்குக் கொண்டாந்துடுங்க."

ஏறி உட்கார்ந்தாள். வண்டி திரும்புவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் வச்சேரா கேட்பதற்கு முன்பே புத்தகத்தை ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் கேட்கட்டும். கசரானி நிறுத்தம் தாண்டியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வாரமாக ஏரியில் கிடக்கும் பெண்ணை, ஒரு நர்ஸ் நம்பும்படி மூச்சு வரவைக்க வேண்டும். தீவில் இருப்பதோ ஒரே ஒரு படகு. அதற்கும், தலைக்கு மேலே ஒலிபெருக்கியில், அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.