பிடியில் கட்டிய கயிறு

எறையூரில் பூங்காவனத்துக்குப் பட்டப்பெயர் பாராசூட்காரி. சொல்வதில் பாதி பெருமை, மீதி கிண்டல். "வானத்துலேர்ந்து குதிக்கிற வயசா இது?" என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. "பின்ன எந்த வயசுல குதிக்கலாம்னு வச்சிருக்கீங்க? சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்பாள். கேட்டவர் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார். ஐம்பதைத் தாண்டியவள். தையல் வேலைக்கென்று துபாய் போனவளுக்கு, பாராசூட் குதிக்கக் கற்றுத்தரும் இடமொன்றில் கிழிசல் தைக்கும் வேலை கிடைத்தது. தைத்ததை மடிக்கக் கற்றாள், பிறகு மடித்ததை முதுகில் மாட்டிக்கொண்டு குதிக்கவும் கற்றாள். எத்தனை தடவை குதித்தோம் என்று எண்ணுவதை அவள் விட்டுப் பல வருஷம் ஆகிறது.

ஊரார் வாயை அடைக்கத் தெரிந்தவளுக்குத் தம்பி அரியமுத்துவின் வாயைத் திறக்கத் தெரியவில்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் அவனுடையது. அக்கா லீவில் வந்தால் நாட்டுக்கோழி அடித்துப் போடுவான், கூடவே உட்கார்ந்து சாப்பிடுவான், எல்லாம் உண்டு. ஆனால் அவள் பெட்டியைத் தூக்கும் நேரத்துக்கு ஆளைக் காணாது. வாசலுக்கு வந்து "போயிட்டு வாக்கா" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ராஜராஜன் செத்ததிலிருந்து இப்படித்தான்.

ராஜராஜன் உடையார்பாளையத்துப் பையன், துபாயில் அவளோடு குதித்தவன். லீவில் இவர்கள் வீட்டுக்கு வந்தால் அரியமுத்துவோடு ஒரே தட்டில் சாப்பிடுவான். பாராசூட் விரியாமல் செத்தான் என்றுதான் இன்றைக்கும் அரியலூர்ப் பக்கம் பேச்சு. அதைக் கேட்டால் பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். விரிந்தது. அழகாக விரிந்தது. காற்று அதிகமாக இருந்த நாளில், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் காலடியிலேயே இறங்கிக் காட்ட வேண்டும் என்று தரைக்குப் பக்கத்தில் வந்து வளைத்தான். அதில் போனான். அவள் கண்ணால் பார்த்த சாவுகளில் விரியாத பாராசூட்டால் போனவர்கள் குறைவு. அவசரத்தால் போனவர்களும், கைதட்டலுக்கு ஆசைப்பட்டுப் போனவர்களும்தான் அதிகம். இதைத் தம்பியிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "அந்தப் பைதான் அவனத் தின்னுச்சு. ஒரு நாள் உன்னையும் திங்கும்" என்பான். அதற்கு மேல் பேச மாட்டான்.

அதனால்தான் இந்த வருஷம் காணும் பொங்கலுக்குப் பாடாலூர்ப் பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் குதிக்கச் சொல்லிக் கேட்டபோது, உடனே தலையாட்டினாள். பெரம்பலூரில் விழா எடுத்து நடத்தும் இளவரசன் ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு செய்திருந்தான், அனுமதியும் வாங்கியிருந்தான். பூங்காவனத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தம்பி கண் எதிரே பத்திரமாக இறங்க வேண்டும். அவன் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அந்தப் பயம் அவனை விட்டுப் போகும். போகாவிட்டால் இந்த ஜென்மத்தில் அவன் வாசலுக்கு வரப்போவதில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலையிலேயே கூடத்தில் பாய் விரித்துப் பாராசூட்டை மடித்து, பையைப் பூட்டி மூலையில் வைத்தாள். மறுநாள் விடிந்ததும் காற்றைப் பார்க்க அவள் முன்னால் கிளம்ப வேண்டியிருந்தது. "பையை நான் கொண்டாரேன்" என்றான் அரியமுத்து. அவள் காதையே அவளால் நம்ப முடியவில்லை. வராமலே இருந்துவிடுவானோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

டிராக்டர் மைதானத்துக்குள் வந்தபோது நல்ல கூட்டம். கரும்பும் கையுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். அரியமுத்துவும் அவன் மனைவி மலர்கொடியும் இறங்கினார்கள். பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான் அவன். பையின் மேல் சந்தனம், குங்குமம், நடுவில் மாட்டுக்குப் போடுகிற நெட்டி மாலை ஒன்று.

"நேத்து மாட்டுக்கும் டிராக்டருக்கும் பூஜ போட்ட மாதிரி, காலைல நீங்க கிளம்புனப்புறம் இதுக்கும் போட்டாரு, அண்ணி" என்றாள் மலர்கொடி, பெருமையாக.

பூங்காவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மாலையைக் கழற்றித் தம்பி கழுத்தில் போட்டாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். பிறகு பையைக் கவிழ்த்து வைத்து, குதிக்கும் முன்னால் எப்போதும் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தாள். அடிப்பக்கம் வந்ததும் கை நின்றது.

அங்கே ஒரு சின்னப் பிடி இருக்கும். அதை இழுத்து வீசினால் உள்ளேயிருந்து கைக்குட்டை அளவில் ஒரு குட்டிப் பாராசூட் வெளியே போகும். அது போய்த்தான் பெரியதை இழுத்து விரிக்கும். அந்தப் பிடியில் புது மஞ்சள் கயிறு. மஞ்சள் கொம்பு வைத்து, பக்கத்து வாரோடு சேர்த்து, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

"இது யார் கட்டுனது?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"நாந்தான். செட்டிகுளம் முருகன் கோயில் கயிறு" என்றான் அரியமுத்து. "வண்டின்னா ஸ்டீரிங்ல கட்டுவோம். இதுக்கு ஸ்டீரிங் எதுன்னு தேடுனேன். நீ பிடிக்கிற பிடி இதுதானே? அவுறக் கூடாதுன்னு நல்லா இறுக்கிக் கட்டுனேன்க்கா."

பூங்காவனம் பிடியை லேசாக இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. இதோடு குதித்திருந்தால் குட்டிப் பாராசூட் பையோடேயே ஆடிக்கொண்டிருக்கும். பயந்துபோய் அவசரத்துக்கு உள்ள இரண்டாவதை இழுத்தால், அதுவும் போய் இதோடு பின்னிக்கொள்ளும். அப்புறம் ஊர் சொல்லும், பாராசூட் விரியாமல் செத்தாள் என்று. தம்பி சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பான், தன் கையால்தான் நடந்தது என்பது தெரியாமலே.

இளவரசன் ஓடி வந்தான். "அக்கா, சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. ஒரு கயிறுதானே? கத்தரிக்கோல் தரேன், வெட்டிட்டு ஏறுங்க."

"முழுசாப் பிரிக்கணும்" என்றாள்.

"என்னக்கா விளையாடுறீங்களா?"

"நான் மடிச்ச பையில இன்னொரு கை பட்டிருக்கு. அந்தக் கை வேற என்ன பண்ணியிருக்குன்னு எனக்குத் தெரியாது. கட்டுன கை என் தம்பி கையா இருந்தாலும் பிரிச்சுத்தான் பார்ப்பேன்."

அரியமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் மேடை முன்னால் விரித்திருந்த ஜமுக்காளத்தில் பையைப் போட்டாள். கயிற்றை வெட்டவில்லை. முடிச்சை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்து, முழுசாக எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். அடுத்து பையின் வெளிப்பக்க மடிப்பைத் தூக்கினாள். உள்ளே ஒரு விபூதிப் பொட்டலம். டிராக்டரில் முன்கண்ணாடியோரம் செருகி வைப்பதுபோலச் செருகியிருந்தான். பொட்டலம் அழுத்தி, பையைப் பூட்டி வைத்திருக்கும் சின்னக் கம்பி முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. ஹெலிகாப்டர் கதவில் உட்காரும்போது ஒரு உரசல் போதும், பை அங்கேயே பிளந்து துணி இறக்கையில் சுற்றியிருக்கும். எட்டிப் பார்த்த பைலட் போய் என்ஜினை நிறுத்திவிட்டு வந்தார்.

கூட்டத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? விசில் பறந்தது. "அம்மாவுக்குப் பயம் வந்துருச்சுடோய்" என்று ஒருத்தன் கத்த, சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது. பூங்காவனம் எழுந்து போய், அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"பயமான்னு கேட்டது யாருப்பா? ஆமா, பயந்துட்டேன். பயந்து பயந்துதான் இத்தன வருஷமா குதிச்சுக்கிட்டிருக்கேன். பயப்படாதவன் ஒருத்தன நாங்க உடையார்பாளையத்துல பொதச்சோம். நான் இதப் பிரிச்சு மடிக்கிற வரைக்கும் கரும்பு கடிச்சுக்கிட்டு உட்காருங்க. மடிச்சப்புறமும் ஏறுறதா வேணாமான்னு நாந்தான் சொல்லுவேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கயிறு கயிறாக நீவி, மடிப்பு மடிப்பாக அடுக்கினாள். யாருக்காகவும் வேகமாக மடிக்கவில்லை. யார் மேலோ உள்ள கோபத்தில் வேண்டுமென்றே மெதுவாகவும் மடிக்கவில்லை. பூட்டி முடித்து நிமிர்ந்தபோது மைதானத்து ஓரத்துக் கம்பத்தில், காற்றின் வேகம் காட்டும் காற்றுப் பை விறைத்து நின்றது. பந்தல் துணி படபடத்தது.

"காத்து ஏறிடுச்சு. இப்ப முடியாது" என்றாள்.

இளவரசன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சின்னப் பசங்க இதவிடக் காத்துல குதிக்கிறானுங்க. உங்க பேரு நாறிப் போயிடும், சொல்லிட்டேன்."

"நாறட்டும். என் கால் ஒடஞ்சா நீயா வந்து தூக்கிட்டுத் திரியப் போற?"

"அடுத்த வருஷம் பெங்களூர்லேர்ந்து ஆளக் கூப்பிட்டுக்கறேன்."

"கூப்பிடு. அவங்ககிட்டயும் காத்தப் பாத்துட்டு ஏறச் சொல்லு."

சீஃப் கெஸ்ட் காரேறினார். கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. வேர்க்கடலைக்காரரும், வீட்டுக்குப் போக மனமில்லாத சில குடும்பங்களும்தான் மிச்சம். இளவரசன் அவள் பக்கமே திரும்பவில்லை. பூங்காவனம் பையை அணைத்துக்கொண்டு டிராக்டர் நிழலில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் எரிந்தது. தம்பி பார்த்தது கடைசியில் இதைத்தான், பையும் பயமும் சண்டையும். இனி "இத்தோட விட்டுடுக்கா" என்பான் என்று காத்திருந்தாள்.

அரியமுத்து வந்து பக்கத்தில் குந்தினான்.

"நீ பையப் பிரிச்சுப் பாக்காம ஏறியிருந்தா, நீ கீழ விழற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, இல்லக்கா?"

"தெரிஞ்சிருக்காது."

"ராஜராஜன் இப்படிப் பாத்திருந்தா?"

"அவன் பையெல்லாம் நல்லாத்தான் பாத்தான். இன்னைக்கு வேணாம்னு சொல்லத்தான் அவனுக்குத் தெரியல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாலையைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகு கேட்டான்: "காத்து எப்ப அடங்கும்?"

"பொழுது சாயறப்ப."

அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பைலட்டிடம் போனான். கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினான். கரும்பு லோடுக்கு வரிசையில் முன்னால் விடச் சொல்லி ஆலை வாசலில் பேசுகிற அதே பேச்சு. திரும்பி வந்து, "இருட்டுறதுக்குள்ள திருச்சி போய்ச் சேரணுமாம். போறதுக்கு முன்னால ஒரு தடவ தூக்கி விட்டுட்டுப் போறேங்கறாரு" என்றான்.

வெயில் இறங்கியதும் காற்றுப் பை துவண்டது. பூங்காவனம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு தேநீர் குடிக்கிற நேரம். பிறகுதான் எழுந்தாள். பையை மாட்டி வாரை இறுக்கினாள். மடியிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். "இப்பக் கட்டு. என் கையில." அவன் மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

ஹெலிகாப்டர் படியருகே நின்று அவனுக்கு முதுகைக் காட்டினாள். ஏறும் முன் கடைசியாகப் பையைச் சரிபார்க்கும் வேலையைக் குதிக்கிறவர்கள் கண்டவரிடம் கொடுக்க மாட்டார்கள்.

"மடிப்பத் தூக்கிக் காட்டுறேன். கம்பி முழுசா உள்ள இருக்கா பாரு. கீழ பிடியில எதுவும் சுத்தியிருக்கா பாரு. தொடாமப் பாரு."

அரியமுத்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். குனிந்து, மூக்கு பையில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். பிடியைப் பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான்.

"சரியா இருக்கு" என்றான். கோத்த கையை இன்னும் பிரிக்கவில்லை.

"போயிட்டு வாக்கா."