காலுக்கு வைத்த தண்ணீர்

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் இரண்டு வண்டிகள். அன்றைக்கு ஒன்று, கிணற்றில் விழுந்த எருமையைத் தூக்க ஸ்ரீவைகுண்டம் ரோட்டுப் பக்கம் போயிருந்தது. மற்றது டிரைவர் பொன்னுதுரை அண்ணனின் வண்டி. அரசாங்க வண்டிதான், ஆனால் நிலையத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதன் பம்ப் ஆறு மாதம் பழுதாகிக் கிடந்து, போன மாதம்தான் சரியாகி வந்தது. தினமும் காலையில் அதன் பித்தளை மூடிகளைத் துடைப்பார். யாராவது பக்கத்தில் டீ டம்ளரை வைத்துவிட்டால், "ஏலே, ஒங்க வீட்டு அடுப்பாங்கரையா இது?" என்பார்.

மத்தியானம் பன்னிரண்டுக்கு அழைப்பு வந்தது. அப்போதுதான் சோற்றில் ரசம் ஊற்றியிருந்தேன். நிலைய அலுவலர் கிங்ஸ்டன் சார் போனை வைத்துவிட்டு, "உப்பளத்துல ஓலைக் கிட்டங்கி பத்திக்கிட்டாம். பக்கத்துல வீடு இருக்கு. ஏறுங்க" என்றார்.

நான் தருமபுரிக்காரன். இங்கே வேலைக்கு வந்து எட்டு மாதம். உப்பளத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி.

உப்பு அம்பாரங்களை மழைக்கு மூடுவதற்காகப் பனை ஓலையை அடுக்கி வைத்திருந்த கிட்டங்கி அது. நாங்கள் போனபோதே அதன் கூரை உள்ளே விழுந்திருந்தது. அதற்குக் கிழக்கே பதினோரு குடிசைகள். எல்லாம் ஓலைக் கூரை, எல்லாம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வீடு. மேற்கேயிருந்து காற்று வீசியது. எரிகிற ஓலைத் துண்டுகள் காக்கா மாதிரிப் பறந்து குடிசைகளின் மேல் இறங்கின.

பெண்கள் சாமான்களை வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். முதல் குடிசையின் வாசலில் ஒரு அம்மாள் அசையாமல் நின்றாள். சுடலைமாடத்தி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"கூரை மேஞ்சு ஒரு வாரம்தான் ஆகு" என்றாள் கிங்ஸ்டன் சாரிடம். "இது பத்துனா பதினொண்ணும் போகும். எப்படியாவது நிப்பாட்டுங்கய்யா."

ஒரு ஹோஸ் கிட்டங்கியின் மேல், ஒரு ஹோஸ் குடிசைகளின் மேல் என்று அடித்தோம். வண்டியில் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. நல்ல தண்ணீர் பிடிக்க மில்லர்புரம் பக்கம் போய் வர நாற்பது நிமிடமாவது ஆகும். நெருப்போ பத்து நிமிடம்கூடத் தராது.

நாலு பக்கமும் தண்ணீர்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர். கிங்ஸ்டன் சார் அதைப் பார்த்தார். பிறகு பொன்னுதுரை அண்ணனைப் பார்த்தார்.

"சார், வேண்டாம். கடல் தண்ணியாயிருந்தாக்கூடப் பரவால்ல. இது கொதிக்க வச்ச உப்பு மாதிரில்லா இருக்கு. பம்பு செத்துரும்."

"வீடு எரியப்போகுது பொன்னுதுரை."

அண்ணன் பம்பைப் பார்த்தார். சுடலைமாடத்தியைப் பார்த்தார். கையில் வைத்திருந்த துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏலே தருமபுரி, சக்‌ஷன் ஹோஸை எடு."

தண்ணீரை உறிஞ்சுகிற அந்தத் தடித்த குழாயை நானும் இன்னொரு தீயணைப்பு வீரன் மாரிச்செல்வமும் இழுத்துப்போய், கிட்ட இருந்த பாத்தியில் போட்டோம். எது கிட்டவோ அது. எனக்கு எல்லாப் பாத்தியும் ஒன்றுதான். பம்ப் உறுமியது. கேஜில் முள் ஏறியது, உடனே இறங்கியது. ஹோஸைத் தூக்கிப் பார்த்தால் முனையில் இருந்த சல்லடை முழுக்க வெள்ளையாக அடைத்திருந்தது, கற்கண்டு கட்டின மாதிரி.

"ஏ தம்பி! என்ன காரியம் பண்ணுத?" சுடலைமாடத்தி வரப்பில் ஓடி வந்தாள். "அது விளைஞ்ச தண்ணிலா! ரெண்டு நாள்ல வாரப்போற உப்பு. அதைப் போய் உறிஞ்சுனா உப்புதான் வரும். அங்கன தெப்பத்துல போடு. போர் பம்புல இருந்து இப்பதான் வந்த தண்ணி. உப்பு லேசா இருக்கும்."

தெப்பம் என்று அவள் காட்டியது அறுபது அடி தள்ளி இருந்த ஒரு பெரிய குட்டை. எங்கள் ஹோஸ் அவ்வளவு நீளம் இல்லை. வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும்.

"வரப்பு தாங்குமா?" என்றார் அண்ணன்.

"உப்பு லாரி போற வரப்பு இது. அந்தா, அதுல போனேருன்னா கவுந்துருவேரு. என் பின்னாலயே வாரும்."

அவள் வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து, இரண்டு கையாலும் வழி காட்டினாள். அண்ணன் அவள் கையை மட்டும் பார்த்து ஓட்டினார். ஒரு இடத்தில் இடது சக்கரத்தின் கீழ் மண் பொலபொலவென்று சரிந்தது. மாரிச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டான். "முழிச்சிக்கோலே, வந்துட்டோம்" என்றார் அண்ணன்.

தெப்பத்தின் அடியில் சேறு. சல்லடை சேற்றில் இறங்கினால் மறுபடியும் அடைக்கும். நான் உள்ளே இறங்கினேன். இரண்டாவது அடியிலேயே பூட்ஸ் சிக்கிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்று, சல்லடையைச் சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். முட்டிக்கு மேல் தண்ணீர். காலில் இருந்த சின்னக் கீறல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன.

முள் ஏறியது. நின்றது. இறங்கவில்லை.

"வருதுலே!" என்று மாரிச்செல்வம் கத்தினான்.

சுடலைமாடத்தியின் கூரை ஓரம் அப்போது பற்றியிருந்தது. ஒரு முழம் அகலத்துக்கு எரிந்துகொண்டிருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் போய் விழுந்தது. புகை வந்தது. மறுபடியும் அடித்தார்கள். புகையும் நின்றது. பிறகு பதினோரு கூரைகளையும் வரிசையாக நனைத்தார்கள். நான் முக்கால் மணி நேரம் அதே இடத்தில் நின்றேன். கிட்டங்கி சாம்பலானது. குடிசை ஒன்றுகூடப் போகவில்லை.

எல்லோரும் கத்தினார்கள், சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இன்ஜினை நிறுத்தாமல் பம்ப் பக்கத்தில் நின்றார்.

"நிறுத்துனா உள்ள இருக்கது காஞ்சு கல்லாப் போகும் சார். உடனே நல்ல தண்ணி விட்டுக் கழுவணும்."

"சாம்பல்ல கங்கு கெடக்கு, நாம இப்ப நகர முடியாது. எருமைக்குப் போன வண்டி தண்ணியோட வர ஒரு மணி நேரமாகும்" என்றார் கிங்ஸ்டன் சார்.

"இந்த வெயில்ல ஒரு மணி நேரமா?" என்றார் அண்ணன்.

சுடலைமாடத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னது, கழுவணுமா? ஏளா செல்லக்கனி! காலுக்கு வச்ச தண்ணி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கட்டி!"

இங்கே நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் அதில் தினமும் ஆளுக்கொரு கேன் பிடித்து வைப்பார்கள். குடிக்கிறது வேறு. இது வேலை முடிந்ததும் கால் கழுவ. கழுவாவிட்டால் இரவெல்லாம் காலில் உப்பு அரிக்கும். உடைமுள் மரத்தின் நிழலில் வரிசையாக வைத்திருந்த அந்தக் கேன்கள் இப்போது கைமாறிக் கைமாறி வந்தன. மாரிச்செல்வம் வண்டியின் மேல் ஏறி டேங்கில் ஊற்றினான்.

"அப்ப ஒங்க காலு?" என்றார் அண்ணன்.

"ஒரு நாளைக்குக் கரைஞ்சா போயிரும்? ஊத்தும்யா."

பம்ப் வழியாக வெளியே வந்த தண்ணீரை அண்ணன் உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார். இன்னும் ஏழெட்டுக் கேன். மறுபடியும் நக்கிப் பார்த்தார். துப்பினார்.

"ஊறுகாய் போடுதாரு போல" என்றாள் செல்லக்கனி. பெண்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை அவர் துப்பவில்லை. விழுங்கினார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சப்புன்னு இருக்குலே!" என்று கத்தினார். "சப்புன்னு இருக்கு!"

ஒரு மனிதன் ருசியே இல்லாத தண்ணீருக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்ஜினை நிறுத்தினார். ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்பப் போட்டார். பம்ப் முதல் தடவையிலேயே சுற்றியது. தோளில் இருந்த துணியை எடுத்துப் பித்தளை மூடியைத் துடைத்தார்.

நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். கால் வெளுத்துப்போயிருந்தது. சுடலைமாடத்தி ஒரு கேனோடு வந்தாள்.

"நீட்டு."

"பம்புக்கு ஊத்துங்கம்மா."

"பம்பு குடிச்சிட்டு. இது ஒனக்குன்னு ஒதுக்கி வச்சேன். தப்பான பாத்தில போட்டாலும் சரியான தெப்பத்துல நின்னேல்லா. நீட்டுலே."

நீட்டினேன். அந்தத் தண்ணீர் வெயிலில் சுட்டுக் கிடந்தது. இருந்தாலும் அவ்வளவு சுகமாக இருந்தது.

திரும்பும் வழியில் வயர்லெஸ்ஸில் மற்ற வண்டிக்காரர்கள் பேசினார்கள். எருமை மேலே ஏறிவிட்டதாம். "அங்கன என்ன நெலவரம் சார்?"

கிங்ஸ்டன் சார் மைக்கைப் பொன்னுதுரை அண்ணனிடம் நீட்டினார்.

"பதினோரு குடிசையும் நிக்கி" என்றார் அண்ணன். "பம்பும் சாகல. தருமபுரிக்காரன் பூட்ஸ் மட்டும் போச்சு."