முன்னாடி இறுக்கு

மாடல் விமானச் சங்கத் தலைவரின் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை வெட்டிக்கொண்டுபோன இஞ்சின், அந்தக் காலையிலிருந்து இன்றுவரை நிற்கவில்லை. டாங்கில் எண்ணெய் தீர்ந்தது, நிற்கவில்லை. எண்ணெய்க் குழாயைப் பிடுங்கினார்கள், டாங்கையே கழற்றி எடுத்தார்கள்; அது பாட்டுக்கு ஓடியது. உள்ளங்கையில் அடங்குகிற இஞ்சின்தான். சங்கச் செயலாளர், மருந்துக்கடை வைத்திருப்பவர், அவசரத்தில் தன் சட்டையைக் கழற்றி ப்ரொப்பல்லர் மேல் போட்டார். ஓடுகிற ப்ரொப்பல்லர் மேல் துணி போடக் கூடாது என்பது அந்தச் சங்கத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லப்படுகிற விஷயம். சட்டை நூலாகத் திரும்பி வந்தது, செயலாளர் பனியனோடு வீட்டுக்குப் போனார். கடைசியில் விமானத்தின் வாலைப் பிடித்தபடியே ஒரு திறந்த வண்டியில் ஏற்றி, தலைவர் வீட்டுக் கார் ஷெட்டுக்குக் கொண்டுபோய், கனமான மேஜை ஒன்றில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றிலிருந்து தலைவரின் கார் தெருவில் நிற்கிறது.

இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவளுக்கு அந்தச் சத்தம் காலையில் கடைக் கதவைத் தூக்கும்போதே காதில் விழும். அவளும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்தான். இல்லை, உறுப்பினராக இருந்தவள். தலைவர் அவளுடைய சொந்த அக்காவின் கணவர். ஊரே அந்தச் சத்தத்தை வெறும் இரைச்சல் என்று திட்டியது. அவளுக்கு மட்டும் அது என்ன சத்தம் என்று தெரியும். இந்த மாதிரி இஞ்சினில் எண்ணெயை அளந்துவிட ஓர் ஊசி இருக்கும். அதை உள்ளே திருகினால் எண்ணெய் குறைந்து வேகம் ஏறும். அளவுக்கு மேல் திருகினால் இஞ்சின் தொண்டை வறண்டு கீச்சென்று கத்தும். சரியாக வைக்கிறவர்கள் உச்ச வேகம் வரை திருகிவிட்டு, அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கி, லேசாகப் புகை வருகிற இடத்தில் விட்டுவிடுவார்கள். கால் சுற்று, அவ்வளவுதான் விஷயம். அந்தக் கால் சுற்றை யாரும் திறந்துவிடாமல் ஒரு இஞ்சினை வருஷக்கணக்காகக் கதறவிட்டிருக்கிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம், லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும் அவள் கை தானாக நின்றுவிடும்.

தலைவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் யார் சொல்லியும் எதையும் கேட்ட மனிதரும் இல்லை. இஞ்சினைக் கிளப்ப ப்ரொப்பல்லரைச் சுண்டிவிட ரப்பர் சுற்றிய குச்சி ஒன்று உண்டு. அதை அவர் பயந்தாங்கொள்ளிக் குச்சி என்று கேலி செய்து, வெறும் விரலால் சுண்டுவார். மச்சினி தன் கடையிலிருந்து எல்லாருக்கும் கொண்டுவந்து கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியை அவர் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு திரிவார். ஊசியைத் திருகப் போனால் ப்ரொப்பல்லருக்குப் பின்னால் நின்றுதான் திருக வேண்டும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். முன்னால் நின்றால்தான் ஊசி நன்றாகத் தெரிகிறது என்பார் அவர். கண் சரியில்லை என்றால் கடைக்கு வாருங்கள் அத்தான் என்று அவள் சொன்னதை அவர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலையில் செயலாளர் வாலைப் பிடித்திருந்தார், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ப்ரொப்பல்லர் லேசாகத் தள்ளாடியது. ப்ரொப்பல்லரைப் பிடித்திருக்கும் நட்டை தலைவர் ஓட்டுவதற்கு முன்பே இறுக்காமல் விட்டிருக்கிறார் என்று கண்ணாடிக்கடைக்காரிக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. தூரத்திலிருந்தே கத்தினாள்: "அத்தான், முன்னாடி இறுக்கலையா?" இஞ்சின் அந்த 'லையா'வைத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது 'முன்னாடி இறுக்கு' மட்டும்தான். தலைவர் சுற்றிக்கொண்டு முன்னாடி போனார், குனிந்தார், ஊசியை இறுக்கினார். இறுக்கிய கை திரும்பி வரும்போது குறைவாக வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது அநியாயம். ஊரில் இருந்த ஓர் அச்சகத்தின் மாடியில் சங்கம் கூடியது. தலைவர் கட்டுப் போட்ட கையை எல்லாரும் பார்க்கிற மாதிரி மேஜை மேல் வைத்துக்கொண்டு, மச்சினி சொன்னாள் என்றுதான் முன்னாடி போனேன் என்றார். ஒவ்வொருவராக எழுந்து தாங்களும் அதையேதான் கேட்டோம் என்றார்கள். அவள் நட்டைப் பற்றிச் சொன்னாள், முன்னாடி என்றால் முன்பே என்று சொன்னாள், 'லையா'வைப் பற்றியும் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். செயலாளர், அதற்குள் புதுச் சட்டை வாங்கியிருந்தார், கையை ஆட்டி அவளை நிறுத்தினார். "இலக்கணப் பாடமெல்லாம் வேணாம்மா. விரல் போனது உங்களுக்கா, அவருக்கா?" அதோடு முடிந்தது. கை தூக்கினார்கள், அவளை நீக்கினார்கள். எத்தனையோ முறை அவளிடம் ஊசியைச் சரியாக வைக்கச் சொல்லி இஞ்சினை நீட்டியவர்கள்தான் அத்தனை பேரும்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது அக்கா. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் அக்கா. பெரியவர்களான பிறகும் மைதானத்தில் இஞ்சின் பக்கம் போவதற்கு முன்னால், முடி ஒன்று கூடப் பறக்காதபடி தங்கையின் கொண்டையை இழுத்து முடிந்துவிடுவாள். அந்த அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, என் வீட்டு வாசப்படியை இனிமேல் மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். நீ என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வருஷங்கள் போயின. தெரு அந்த இஞ்சினுக்குப் பழகிக்கொண்டது. கரண்ட் போனால் ஆட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குக் காற்று வாங்க வந்தார்கள். ஈரத் துணியைத் தள்ளிக் கட்டிய கொடியில் போட்டால் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் காய்ந்தது, ஆனால் விளக்கெண்ணெய் வாடை அடித்தது. இந்த மாதிரி இஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயில் விளக்கெண்ணெய் கலப்பது வழக்கம்; எண்ணெயே ஊற்றாத இந்த இஞ்சின் எங்கிருந்தோ அதைச் சொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீடுகளில் கதவுக் கீலுக்கெல்லாம் அதைத்தான் போட்டார்கள். தெருப் பிள்ளைகள் தலைவருக்கே விளக்கெண்ணெய் என்று பேர் வைத்துவிட்டார்கள். பழுது பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் நேராக முன்னால் போய் நின்றார்கள்; இஞ்சின் ஒரு தும்மல் போடும், அவர்கள் பையை விட்டுவிட்டு ஓடுவார்கள். கண்ணாடிக்கடைக்காரி ஒரு தடவை செயலாளரிடம் சொல்லி அனுப்பினாள், பின்னால் நின்று கால் சுற்று திறந்துவிடச் சொல்லுங்கள் என்று. தலைவரிடமிருந்து பதில் வந்தது: "இன்னொரு விரலும் வேணுமாமா அவளுக்கு?"

ஆனால் அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள். அலமாரியில் டம்ளர்கள் தாமாக நடந்து ஓரத்துக்கு வரும், அவள் திரும்ப உள்ளே தள்ளுவாள். சுவர்ப் படங்கள் சாயும், நிமிர்த்துவாள். எல்லாம் ஆடுகிற வீட்டில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கண்ணும் கூடவே ஆடித்தான் ஆக வேண்டும். அவள் கண் அந்தத் தாளத்தைக் கற்றுக்கொண்டது. வீட்டுக்குள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெளியே வந்தால் நின்றுகொண்டிருக்கிற உலகம்தான் ஆடியது. தெருவைக் கடக்க முடியவில்லை, கடைப் பெயர்ப்பலகை படிக்க முடியவில்லை. வேறு கடைகளில் வாங்கிய கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேஜை இழுப்பறைக்குள் போயின. ஏழாவது வருஷம் ஒரு மத்தியானம், சுவரைத் தடவிக்கொண்டு, வேறு வழி இல்லாமல், தங்கை கடைப் படி ஏறினாள்.

இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. வாடிக்கைக்காரியை உட்காரவைப்பது போல் தங்கை அக்காவை உட்காரவைத்தாள், சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டினாள், ஒரு லென்ஸைப் போட்டாள், எடுத்தாள், வேறொன்றைப் போட்டாள். தினமும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அக்காவிடமும் கேட்டாள்.

"முன்னாடி நல்லா தெரிஞ்சுதா, இப்பவா?"

அக்கா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முன்னாடி வரச் சொல்லலக்கா. முன்னாடி போட்ட லென்ஸைக் கேட்டேன்."

அக்கா நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டாள். சட்டத்தில் ஒரு கண்ணுக்கு லென்ஸ் இருந்தது, ஒன்றுக்கு இல்லை. இரண்டு தெரு தள்ளி இஞ்சின் கத்துவது கேட்டது.

"அன்னைக்கும் இதானா?" என்றாள்.

"அன்னைக்கும் இதான். நட்டை முன்னாடி இறுக்கலையான்னு கேட்டேன்." தங்கை லென்ஸைப் பெட்டியில் வைத்தாள். பிறகு அவளுக்கு அடக்க முடியவில்லை. "ஏழு வருஷம்க்கா. ஊரு கேக்கல, சரி. சங்கத்துல எவனும் கேக்கல, போகட்டும். நீ? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அடியே நீ என்னடி சொன்னன்னு என்னைக் கூப்பிட்டுக் கேட்டியா?"

 அக்கா சட்டத்தைக் கழற்றாமலே எழுந்து, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள்.

தலைவர் ஷெட் வாசலில் காற்றுக்கு உட்கார்ந்திருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "இவ அன்னைக்கு இறுக்குன்னு சொன்னாளா, இறுக்கலையான்னு கேட்டாளா?" தலைவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் துணி எடுக்க வந்தவர்கள் துணியை எடுக்காமல் நின்றார்கள். அவர் யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்: "லையா மாதிரிதான் கேட்டுச்சு."

கேட்டிருக்கிறது! அந்த 'லையா' அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒரு பெண்ணைப் பத்துப் பேர் நடுவில் நிற்கவைத்து, கூடப் பிறந்தவளிடமிருந்து பிரித்து, இத்தனை வருஷமும் அந்த ஒரு சொல்லின் வாலைச் சட்டைப் பையில், போடாத கண்ணாடியோடு, பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். தெருவில் யாரோ காறித் துப்பினார்கள். கண்ணாடிக்கடைக்காரி அப்போதே திரும்பிப் போயிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்கும் போகத்தான் தோன்றியது. ஆனால் இஞ்சின் கத்திக்கொண்டிருந்தது, அதன் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை.

அவள் அத்தானின் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை உருவி, துடைத்து, மாட்டிக்கொண்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், சட்டைக் கையை மடக்கினாள். ப்ரொப்பல்லருக்கு எதிரிலும் பக்கவாட்டிலும் நின்ற எல்லாரையும் அதட்டிப் பின்னால் அனுப்பினாள். அக்கா கேட்காமலே அவள் கூந்தலை அள்ளிப் பிடித்தாள்.

"இறுக்கட்டுமா?"

"ம். முன்னாடியே இறுக்கிடு."

அக்கா கொண்டையை இறுக்கி முடிந்தாள்.   தங்கை பின்பக்கமாகப் போனாள், விமானத்தின் முதுகோடு கையை நீட்டி, ப்ரொப்பல்லருக்கு இந்தப் பக்கமே இருந்த ஊசியை இரண்டு விரலால் பிடித்துக் கால் சுற்று திறந்தாள். கத்தல் இறங்கியது. இறங்கி இறங்கி, கனத்து, ஒரு நிதானமான முனகலாக நின்றது. வருஷக்கணக்கில் முதல் தடவையாக வெள்ளைப் புகை லேசாக வந்தது. உள்ளே அலமாரியில் டம்ளர்கள் நடையை நிறுத்தின. ஷெட் வாசலில் நின்றபடியே அக்கா எதிர்ச் சாரியில் இருந்த மருந்துக்கடைப் பெயர்ப்பலகையை, எழுத்துக் கூட்டி, சத்தமாக, கடைசி எழுத்து வரை படித்தாள்.

"ஆனா நிக்கலையே" என்றார் தலைவர்.

"அது எதுக்கு நிக்கணும்?" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி.

நிற்கவில்லை. இறுக்காத அந்த நட்டும் இன்றுவரை கழன்று விழவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை. வாரம் ஒரு தடவை தங்கை வந்து பின்னால் நின்று ஊசியைப் பார்ப்பாள், அதற்கு முன்னால் அக்கா கொண்டை முடிந்துவிடுவாள். தலைவரின் நாற்காலி இப்போது இஞ்சினுக்குப் பின்பக்கம் கிடக்கிறது. அங்கே காற்று முழுசாக வரும், விளக்கெண்ணெயும் கூடவே முகத்தில் தெறிக்கும், அவர் துடைத்துக்கொள்கிறார். ஒரு நாள் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள. செயலாளர்தான் பேசினார். "முன்னாடி நடந்ததையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கம்மா."

அவள் கையிலிருந்த லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எந்த முன்னாடி?" என்றாள்.

அவர்கள் திரும்பிப் போனார்கள். அவள் சேரவில்லை. அந்த வட்டாரத்தில் இப்போது பஸ் கண்டக்டர் முன்னாடி போங்க என்றால்கூட யாராவது ஒருவர் எந்த முன்னாடி என்று கேட்டுவிட்டுத்தான் நகருகிறார், கண்டக்டரும் கையைக் காட்டிச் சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கிறார்.