ஈசான மூலையில் ஒரு குழி

இருபத்தாறு வருடங்களாக ஜெர்மனியின் பான் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். ஒரு நிமிடம் முந்தியோ பிந்தியோ புறப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கதவு மூடிய பிறகு ஓடி வருகிறவர்களுக்காக நான் மறுபடி திறந்ததும் இல்லை. அவர்கள் கையை ஆட்டுவது கண்ணாடியில் தெரியும். ஆட்டட்டும், அடுத்த பஸ் இருக்கிறது.

ஆனால் நல்ல நேரத்துக்கு அடுத்த பஸ் கிடையாது. அதனால்தான் அந்த மே மாதக் காலையில் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

லிண்டராத் என்றொரு சின்னக் கிராமம், பானிலிருந்து நாற்பது நிமிடம். நூற்றெண்பது பேர், ஒரு தேவாலயம், மீதியெல்லாம் மாடுகள். அங்கே ஊராட்சி விற்ற காணிகளில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. ஒக்ரோபர் முடிவதற்குள் வீட்டு வேலை தொடங்காவிட்டால் காணி ஊராட்சிக்கே திரும்பிவிடும் என்பது நிபந்தனை. என் மனைவி சுந்தரேஸ்வரிக்கு இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. நாங்கள் இருப்பதோ லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி. கடைக்குப் போய் வந்தால் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். படியே இல்லாத ஒரு வீடு வேண்டும், வேறொன்றுமில்லை. கட்டட அனுமதிக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டு மூன்று மாதம் ஆகியும் பதில் வரவில்லை.

அதற்குள் ஹம் நகரக் கோயில் ஐயர் அத்திவாரக் கல் வைக்க நாள் பார்த்துவிட்டார். வியாழக்கிழமை, காலை 8.12 முதல் 8.50 வரை. இந்த வருடத்தில் இதைவிட நல்ல நாள் உங்களுக்கு இல்லை என்று போனில் சொன்னார்.

"பேப்பர் கையிலை வராமல் மண்ணைக் கிண்டாதேங்கோ" என்றாள் சுந்தரேஸ்வரி.

"நீர் சும்மா இரும். ஒரு கல்லை வைக்கிறதுக்கு ஆரிட்டையப்பா கேக்கோணும்?"

காணியின் ஈசான மூலையில், வீட்டின் வடகிழக்கு வரப்போகும் இடத்தில், முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினேன். நவதானியம் போட்டு, பால் ஊற்றி, பூ வைத்து, கல்லை இறக்கினேன். தேங்காயும் உடைத்தேன். பக்கத்து வீட்டுக் கிழவி ஃபிராவ் ஷ்மிட்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். நான் காலை வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அனுமதியின்றிக் கட்டட வேலை தொடங்கியதாக முறைப்பாடு; நேரில் பார்த்து முடிவெடுக்கும்வரை எங்கள் அன்ட்ராக் நிறுத்திவைக்கப்படுகிறது. மேலும் அது பழைய குடியிருப்பு இருந்த பகுதியாம், தொல்லியல் துறையைக் கேட்காமல் அங்கே மண்வெட்டியே போடக் கூடாதாம். சுந்தரேஸ்வரி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, குப்பையைக் கீழே கொண்டுபோனாள். அவள் நாலு மாடியும் ஏறி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வெட்கத்துக்கு அளவே இல்லை.

குறித்த நாளில் கட்டட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கோப்போடு வந்தார். தொல்லியல் துறையிலிருந்து ஒரு பெண் சின்னக் கரண்டியோடு வந்தாள். ஃபிராவ் ஷ்மிட்ஸ் வேலியடிக்கு வந்து, நான் கேட்காமலே, "நான்தான் எழுதினேன்" என்றார். அவருடைய மகன் மாட்டுக்கொட்டில் கட்ட, அனுமதி வர ஒரு வாரம் இருக்கும்போதே மண்வெட்டி போட்டானாம். முழுவதையும் இடிக்கச் சொன்னார்களாம். "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றார்.

எனக்குக் கோபம் வாய்வரை வந்து நின்றுவிட்டது. கதவு மூடினால் மூடினதுதான் என்கிற ஆள் நான். அவர் சொன்னதும் அதைத்தான்.

கல்லைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். பயறு வெளிறி முளைத்துக் கிடந்தது. சிமெந்து இருக்கிறதா என்று அதிகாரி குனிந்து பார்த்தார். அந்தப் பெண்ணோ முழந்தாளிட்டு, கரண்டியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டினாள். நான் வெட்டிய ஆழத்துக்குக் கீழே நாலு விரல்கூட இருக்காது. வட்டமாக ஒரு விளிம்பு தெரிந்தது.

பிறகு ஒரு மணி நேரம் அவள் தூரிகையால் துடைத்தாள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அடங்கும் ஒரு மண்சட்டி, மேலே தட்டையாக ஒரு கல் மூடி. மூடியை எடுத்ததும் அவள் "ஆ" என்றாள். உள்ளே கருகிய தானியம். அதன்மேல் ஒரு கோழி முட்டை. ஓடு முழுக்க வெடித்திருந்தது, ஆனாலும் உருண்டை கலையவில்லை.

வீடு கட்டும்போது இங்குள்ளவர்கள் இப்படி வைப்பார்கள் என்றாள் அந்தப் பெண். எண்ணூறு வருடம் இருக்கலாம். ஏன் வைத்தார்கள் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. வீடு நிலைக்கட்டும் என்று இருக்கலாம். அதிகாரி கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். என் பாலும் பயறும் அந்தச் சட்டிக்கு மேலே நாலு விரல் தூரத்தில் கிடந்திருக்கின்றன. மொழி தெரியாத, முகம் தெரியாத யாரோ ஒருவன், இதே இடத்தில் என்னைப்போலவே குந்தியிருந்து, பயந்து பயந்து தானியம் போட்டிருக்கிறான். நான் செருப்பைக் கழற்றினேன்.

"நேரே மண் தோண்டும் இயந்திரம் வந்திருந்தால் இது தூள்தூளாகியிருக்கும்" என்றாள் அந்தப் பெண். சிமெந்து இல்லாமல் வைத்த கல் கட்டடம் ஆகாது என்று அதிகாரி எழுதிக்கொண்டார். ஆனால் முழுக் காணியையும் ஆராய்ந்த பிறகுதான் அனுமதி. ஒக்ரோபருக்குள் முடியுமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

கோடை முழுவதும் தோண்டினார்கள். செப்டெம்பரில் அந்தப் பெண் போன் செய்தாள். மரத்தூண்கள் நின்ற குழிகள் எல்லாம் கிடைத்துவிட்டனவாம். சட்டி இருந்த இடத்திலிருந்து அந்தப் பழைய வீடு தெற்காகவும் மேற்காகவும் போகிறதாம்.

"அப்ப அது அவையின்ரையும் ஈசான மூலை" என்றேன் சுந்தரேஸ்வரியிடம். அவள் கைகூப்பினாள். அவளுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

அனுமதி ஒக்ரோபர் இருபத்திநாலாம் தேதி வந்தது. ஐயர் தேடித் தேடி இருபத்தொன்பதாம் தேதி காலையில் முப்பத்தாறு நிமிடம் கண்டுபிடித்துத் தந்தார், 9.12 முதல் 9.48 வரை. மண் தோண்டும் இயந்திரக்காரர் வர முந்திப் போய்ச் சேர இருட்டிலேயே எழும்பியும், நெடுஞ்சாலையில் சிக்கிக் குழியடிக்கு வந்து சேர 9.40 ஆகிவிட்டது. நவதானியத்தைக் கையில் எடுத்தபோது வேலியடியில் குரல் கேட்டது. ஃபிராவ் ஷ்மிட்ஸ். அந்தக் குழியில் தானும் ஒன்று வைக்கலாமா, அனுமதி உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அன்ட்ராக் எழுதித் தந்தவவோ எண்டு கேளும்" என்றேன் மனைவியிடம் தமிழில்.

"வாயை மூடுங்கோ" என்றாள் அவள். ஃபிராவ் ஷ்மிட்ஸைப் பார்த்துத் தலையாட்டினாள். கிழவி கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பி, ஏலாத காலோடு ஓடத் தொடங்கினார்.

"முட்டையப்பா அது. ஐயருக்குச் சொன்னால்..." என்றேன்.

"ஐயரைக் கேக்காதேங்கோ. அந்தச் சட்டியை வைச்சவை ஆரைக் கேட்டவை?"

9.45 ஆனது. கூட்டுக் கதவு திறக்கிற சத்தம், கோழிகளின் கூச்சல். 9.47. சுந்தரேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். நான் கல்லைப் பிடித்தபடி குந்தியிருந்தேன். 9.48 வந்தது, போனது. வேலிப் படலை திறந்து, ஃபிராவ் ஷ்மிட்ஸ் மூச்சு வாங்க ஓடி வந்தார். இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்திருந்தார். நான் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டேன். முட்டை இன்னும் சூடாக இருந்தது.