என் புருஷன் பெயரில் ஒரு சட்டம்

என் புருஷன் பெயரை வைத்துத்தான் அந்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள். கடலோரக் காவல்படைக்குப் புதுக் கப்பல்கள் வாங்க ஒரு சட்டம். போன வருஷம் பழைய ரோந்துக் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தபோது, இன்ஜின் அறையில் மாட்டிக்கொண்டு செத்தவர் அவர். ஓட்டையை ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்து, அதே கப்பலை மறுபடியும் கடலில் விட்டார்கள். இப்போது அதில் என் மகன் இருக்கிறான். அப்பன் பார்த்த அதே வேலை, அதே அறை.

அதனால்தான் சட்டத்துக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று கேட்டு வந்தபோது தாராளமாக வையுங்கள் என்றேன். புதுசு வந்தால் அந்தப் பாழாய்ப்போன கப்பலை உடைத்துவிடுவார்கள், பிள்ளை தப்பிப்பான். அது ஒன்றுதான் என் நினைப்பு.

மசோதா நிறைவேறியது. உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து, பார்வையாளர் மாடத்தில் இருந்த என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். வெளியே வந்ததும் அமைச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரர் பேரு நிலைச்சு நிக்கும்மா.”

“பேரு கிடக்கட்டும் ஐயா. அந்தப் பழைய கப்பலை எப்ப நிறுத்துவீங்க?”

அமைச்சர் பக்கத்தில் நின்ற செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளர்தான் பதில் சொன்னார்.

“புதுக் கப்பல் வர ஆறு வருஷமாகும்மா. அதுவரைக்கும் இருக்கிறதுல ஒண்ணைக்கூட நிறுத்தக் கூடாதுன்னு சட்டத்துலயே போட்டிருக்கோம். காவல் குறையக் கூடாதில்லையா?”

“நேத்து வரைக்கும் நிறுத்தியிருக்கலாம், இனிமே முடியாதா?”

“சட்டம் ஆயிடுச்சேம்மா.”

அடப்பாவிகளா! “அப்ப அவர் பேரை எடுத்துடுங்கய்யா!” என்று கத்தினேன். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன் கேமராவை இறக்கினான். காவலர் ஒருவர் என் தோளைத் தொட்டு, மரியாதையாகத்தான், வாசல் பக்கம் நகர்த்தினார்.

படிக்கட்டில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டேன்.

“வேலையை விட்டுட்டு வந்துடுடா. கஞ்சி குடிச்சாவது பொழச்சுக்கலாம்.”

“என்னம்மா பேசறே? இங்க டிவில பார்த்துட்டு எல்லாரும் என்னைத் தலைல தூக்கி வச்சு ஆடறாங்க. அப்பா பேர்ல சட்டம்! அவரோட பையன் பயந்து ஓடிட்டான்னா காறித் துப்ப மாட்டாங்களா?”

“துப்பட்டும்டா. தொடைச்சுக்கலாம்.”

“போம்மா. இன்னிக்கு வரைக்கும் எனக்கும் உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு, வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடலாம்னுகூட நினைச்சேன். இனிமே எந்த மூஞ்சியோட வருவேன்? கப்பல் கிளம்பப் போகுது, இன்ஜின் ரூமுக்கு வரச் சொல்லிட்டாங்க, வைக்கிறேன்.”