கழல மறுத்த அச்சு

ஜனவரி நடுவில் எங்கள் தீவுக்குச் சில நாட்கள் காற்று வேலைக்கு வராது. மீன்கொத்தி முட்டையிடும் நாட்கள் என்போம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும். வெயில் இளஞ்சூடாக வந்து தோளில் உட்காரும். அப்படியொரு காலையில்தான் அனெசோ தன் வண்டியைப் பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் தெமெலிஸின் பட்டறைக்குக் கொண்டுவந்தாள்.

நாலு தடித்த சக்கரமும் ஓயாத உறுமலுமாக மலையேறும் அந்த வண்டிகளை இங்கே எல்லோரும் பன்றி என்றுதான் சொல்வோம். கோடையில் வெளியூர்க்காரர்களுக்கு அவற்றை வாடகைக்கு விடுவதும், குளிர்காலத்தில் பிரித்துப் பூட்டுவதும் தெமெலிஸின் பிழைப்பு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே ஐம்பத்தைந்தைத் தாண்டியவன். அனெசோ அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். கணவன் இறந்தபிறகு வடக்கு முனையில் அவன் விட்டுப்போன தேனீப்பெட்டிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள்.

"நீ வித்த பன்றிதானே இது? பின்காலை இழுத்துக்கிட்டு எப்படி அலறுது பாரு."

"நான் வித்தப்ப நல்லாத்தான் இருந்துது. நீதான் தினமும் கடல்ல குளிப்பாட்டிட்டே."

"முனைக்குப் போற பாதை கரையோரமாத்தான் போகுது. பறந்தா போவேன்?"

தெமெலிஸ் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். விழப்போகிற பல்லைப்போல ஆடியது. பேரிங் போயிருந்தது. அதை மாற்ற அச்சை உருவ வேண்டும். அச்சை உருவ, அதன் நுனியில் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பைக் கழற்ற வேண்டும். நட் வந்தது. ஹப் வரவில்லை. உப்பும் துருவும் சேர்ந்து இரண்டு இரும்பையும் ஒரே இரும்பாக்கி வைத்திருந்தன.

சுவரில் கேஸ் டார்ச் தொங்கியது. நெருப்பைக் காட்டினால் ஹப் விரிந்து கொஞ்ச நேரத்தில் கையோடு வந்துவிடும். அனெசோ வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். தெமெலிஸ் மூலையில் கிடந்த மழைக்கோட்டை எடுத்து டார்ச்சின் மேல் மாட்டினான். ஏன் அப்படிச் செய்தோம் என்று அப்போது அவன் யோசிக்கக்கூட இல்லை.

"எண்ணெய் ஊறணும்," என்றான் அவள் உள்ளே வந்ததும். "ஹப்பை வெளியே இழுக்கிற புல்லரை மாட்டி இறுக்கி வைக்கிறேன். அதுவா விடும். அவசரப்பட்டா அச்சு வளைஞ்சிடும்."

"எப்ப விடும்?"

"அது மனசு வைக்கணும்."

"அதுவரைக்கும் என் தேனீங்க பட்டினி கிடக்கவா?"

"நடந்து போவோம். மூட்டையை நான் தூக்குறேன்."

அப்படித்தான் நடக்க ஆரம்பித்தார்கள். தேனீக்களுக்கான சர்க்கரைக் கட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னால். தேனீக்களை அமர்த்தும் புகைக்குடுவையோடு அவள் பின்னால். வழியில் வாதுமை மரங்கள் இலையே இல்லாமல் பூத்து நின்றன. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று தெரியவில்லை. தூரத்தில் போன படகு ஆகாயத்தில் போவதுபோலிருந்தது. முனைக்குப் போனதும் நீலப் பெட்டிகளின்மேல் காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். உள்ளே யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல ஒரு சத்தம். அவன் காதை எடுக்கவே இல்லை.

"தூங்கிட்டியா?"

"கூப்பிடாதே. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஒவ்வொரு மாலையும் தெமெலிஸ் புல்லரின் போல்ட்டை இன்னும் கால் சுற்று இறுக்கினான். காலையில் அனெசோ காபி குடிக்க வருவாள். அவன் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வருவான். அப்புறம் தொட்டுப் பார்த்தால் போல்ட் தளர்ந்திருக்கும், ஹப் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். புல்லரின் மரைதான் தேய்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தான். ஒருநாள் போல்ட்டின் தலை விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தான். தேனீக்கள் பெட்டியின் விரிசலை அடைக்கிற பழுப்புப் பிசின். அனெசோவின் விரல்களில் எப்போதும் இருக்கிற வாசனை. அவன் துணியை எடுத்தான். துடைக்காமலே கீழே வைத்தான். அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. ஒரே ஸ்பேனரை மூன்று தடவை தேடினான்.

அடுத்த நாள் காலைக் காபியை விட்டுவிட்டு நேரே முனைக்குப் போய்த் திரும்பி வந்து, பட்டறை முற்றத்தில் ஆலிவும் ரொட்டியும் பொரித்த மீனும் சாப்பிட்டார்கள். நாற்காலிகளை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே பாதியில் தூங்கிப்போனாள். அவன் அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தபடியே தூங்கினான். கனவில் வண்டி தண்ணீரின்மேல் போனது, அலையில்லாமல்.

டங்!

இரண்டு பேரும் துள்ளி எழுந்தார்கள். புல்லர் தரையில் கிடந்தது. ஹப் அச்சிலிருந்து விரலகலம் வெளியே வந்து நின்றது.

"யாரும் தொடலையே," என்றாள் அனெசோ.

"யாரும் தொடாததாலதான் வந்துடுச்சு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"போல்ட்டு பிசுபிசுன்னு இருந்துது."

அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கோட்டுக்குப் பின்னாடி என்ன தொங்குதுன்னு எனக்கும் முதல் நாளே தெரியும். மழைங்கிறதே இல்லாத வாரத்துல மழைக்கோட்டு மாட்டுறான் பெரிய மனுஷன்!"

தெமெலிஸ் சிரிக்க ஆரம்பித்தான். அவளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபிறகு இருவரும் வண்டியையே பார்த்தார்கள்.

அச்சை உருவியபோது பழைய பேரிங் துருப்பிடித்த குண்டுகளாக உதிர்ந்தது. புதியவற்றை அடித்து ஏற்றலாம். ஆனால் அன்று அவனுக்குச் சுத்தியலைத் தொட மனமில்லை. குளிரில் சுருங்கட்டும் என்று பேரிங்குகளை மரூலியோ அக்காவின் காபிக்கடைக்குக் கொண்டுபோய் உறைபெட்டியில் வைக்கச் சொன்னான்.

"கணவாய்க்குப் பக்கத்துலயா? இதை வறுக்கணுமா, சுடணுமா?" என்றாள் மரூலியோ.

"நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன் அக்கா."

"அனெசோ வண்டிக்குத்தானே? சரி, சரி. பத்திரமா வைக்கிறேன். கெட்டுப்போயிடப் போகுது."

மறுநாள் அனெசோ வீட்டு அடுப்பில் ரொட்டி வெந்து இறங்கியதும், பேரிங் உட்காரும் அலுமினியக் கூட்டை, ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டு, அந்தச் சூட்டிலேயே வைத்தார்கள். சமையலறை முழுக்க ரொட்டி மணம். கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே இருந்த கடல் மறைந்துபோனது. கூட்டைத் தடித்த துணியில் பிடித்து மேசைமேல் வைத்தாள். அவன் பனி பூத்த பேரிங்கைக் கையில் எடுத்தான்.

"சீக்கிரம். கூடு ஆறினா சுருங்கிடும்."

கூட்டின் வாயில் வைத்து அழுத்தினான். அது சற்றே சாய்ந்து அங்கேயே நின்றது. அவள் குனிந்து, தன் கட்டைவிரலால் அதன் விளிம்பை லேசாக அழுத்தினாள். சத்தமே இல்லாமல் அது உள்ளே இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது, தண்ணீரில் விட்ட கல் போல.

"அவ்வளவுதானா?" என்றாள், ஏமாந்தவளைப்போல.

"அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கு."

இரண்டாவதை அவளே வைத்தாள்.

இந்தமுறை அச்சின் பற்களில் கிரீஸைத் தாராளமாகப் பூசி மாட்டினான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்து, இருக்கையில் முன்னால் நகர்ந்துகொண்டாள். பின்னால் இடம் இருந்தது. தெமெலிஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். நாங்கள் காபிக்கடையிலிருந்து பார்த்தோம். மரூலியோ மட்டும் கையாட்டினாள்.

முனையில் தேனீக்கள் விழித்திருந்தன. இளஞ்சூட்டை நம்பி வாதுமைப் பூக்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. தெமெலிஸ் வழக்கம்போலப் பெட்டியில் காதை வைத்தான். உடனே "ஐயோ" என்றான். காதுமடலில் கொடுக்கு.

"கையை வைக்காதே, நசுக்கினா விஷம் இறங்கும். காட்டு." அவள் அவன் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, நகத்தால் மெல்லச் சுரண்டினாள். "அசையாதே."

"அசையலை."

"மூச்சாவது விடு, மடையா."